பிரதி

இரவு பதினொன்று இருபத்தைந்துக்கு ரன்வா அழைத்தாள்,
சுதுரோய் தீவின் மருத்துவமனையிலிருந்து.
"பை என் கையில் இருக்கிறது.
திரை இல்லை என்கிறது."

ஓ நெகட்டிவ். பிரசவ அறையில் ஒருத்திக்கு.
தீவின் சர்வரில் பதினொன்று.
இங்கே டோர்ஸ்ஹவ்னில், தலைமை சர்வரில்,
அதே குளிர்பெட்டிக்குப் பதினான்கு.

என் முன்னால் எல்லாம் பச்சை.
பிரதி ஓடுகிறதா: ஆம்.
பின்தங்கிய நொடிகள்: பூஜ்யம்.
பிழைக்கான கட்டம் கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி.
ஆறு மாதமாக அந்தப் பூஜ்யத்தை நம்பித்தான் தூங்கினேன்.

முதலில் கடலடிக் கேபிளைச் சந்தேகித்தேன்.
புயலின் மேல் பழிபோடுவது எங்கள் ஊர் வழக்கம்.
கேபிள் நன்றாக இருந்தது.
பிறகு ஹானுஸை எழுப்பினேன்:
பிரதியில் நேரடியாகக் கைவைத்தாயா?
அவன் வைத்த ஒரே ஒரு பதிலை இங்கே எழுத முடியாது.

வரிசைகளைப் பாதியாக வெட்டி ஒப்பிட்டேன்,
ஒவ்வாத பாதியை மறுபடி பாதியாக.
கடைசியில் அகப்பட்டது நான் எழுதிய வாக்கியம்,
தினமும் பதினொன்று பத்துக்கு ஓடுவது:
*இன்றைக்கு முன் காலாவதியானதை நீக்கு.*

விளைவை அல்ல, வாக்கியத்தை
அனுப்பிக்கொண்டிருந்தேன் கடல் தாண்டி.
அங்கே 'இன்று' வேறாக இருந்தது.
கோபன்ஹேகனிலிருந்து வந்து சர்வரை நிறுவியவர்
தன் ஊர் நேரத்தை விட்டுப்போயிருந்தார்,
இந்தக் காற்றில் எதற்கும் உதவாத குடை போல.
ஒரு மணி நேரம் முந்திய அந்த ஊரில்
நாளை பிறந்து பத்து நிமிடம் ஆகியிருந்தது.
இங்கே இன்னும் உயிரோடிருந்த மூன்று பைகளை
அது அடக்கம் செய்துவிட்டது.

ஒவ்வொரு மறுநாள் இரவும்
தலைமையும் அதே பைகளை நீக்கிவிடும்,
இரண்டும் ஒத்துப்போகும், காயம் மூடிக்கொள்ளும்.
அதனால்தான் யாருக்கும் தெரியவில்லை.

"பதினான்குதான் சரி" என்றேன் வெற்றியோடு.
"எதற்கும் எண்ணிச் சொல்."
பதிமூன்று.
"இன்னொரு தடவை எண்ணு."
பதிமூன்று.
மாலையில் விரல்கள் நசுங்கி வந்த மீனவனுக்கு ஒன்று போனதாம்;
சீட்டு அவள் மேலங்கிப் பையில் இருந்தது,
ஓர் இருமல் மிட்டாயோடு.

அதற்குள் நள்ளிரவுக்குப் பத்து நிமிடம்.
என் அனுமதிக்கு அவள் காத்திருக்கவில்லை;
காகிதத்தில் எண்ணைக் குறித்துக்கொண்டு,
பையோடு போய்விட்டாள்.
எடுத்துவைத்த ரிசீவரில்
சக்கர வண்டியின் கிறீச் மட்டும் கேட்டது.

நான் கடிகாரத்தைத் திருத்தினேன்.
இனி வாக்கியம் போகாது, வரிசைகளே போகும்.
பிரதியை அடியோடு அழித்துத் திரும்ப ஊற்றினேன்.
ஜன்னலில் மழை பக்கவாட்டில் பெய்துகொண்டிருந்தது.

காலையில் இரண்டு திரையிலும் பத்து.
நள்ளிரவில் இரண்டு நிஜமாகவே காலாவதியாகிவிட,
கணக்கு இடிக்கவில்லை.
தாயும் பிள்ளையும் தூங்குவதாக ரன்வா சொன்னாள்.
"குளிர்பெட்டியைத் திறந்து பாரேன்" என்றேன்.
"இரண்டிலும் பத்து என்றாயே!"
"ஆமாம். அதனால்தான்."

பெருமூச்சு. கதவின் ரப்பர் பிரியும் ஓசை.
அவள் எண்ணத் தொடங்கினாள்,
வேண்டுமென்றே மெதுவாக.