நாற்பத்து மூன்று மைல்

வண்டி சமதளத்தில் நிற்காவிட்டால்
குளிர்ப்பெட்டி வேலை செய்யாது.
அதனால் ஒவ்வொரு சாயங்காலமும் வெண்டல்
ரசமட்டத்தைத் தரையில் வைத்து மண்டியிடுவான்.
தேவாலயத்தில்கூட அப்படி மண்டியிட்டவனில்லை.
நான் இறங்கி இடப்பக்கச் சக்கரத்தடியில் பலகை செருகுவேன்.
குமிழி நடுவுக்கு வந்தால் பால் கெடாது.
முப்பத்தெட்டு வருடத்தில்
இரண்டு பேருமாய் நேராக்கிய ஒரே விஷயம்.

கூரை ஜன்னல் மட்டும் சரியாக மூடாது.
எதிர்க்காற்று அடித்தால்
யாரோ போர்வைக்குள் விசும்புவது போலிருக்கும்.
டேப் ஒட்டினான். டேப்பும் சேர்ந்து விசும்பியது.

டுலூத்தில் கிளம்பும்போது பேசிக்கொண்டுதான் இருந்தோம்.
வடக்கு டகோட்டாவின் வரிப்பாறைகளுக்கிடையே
காட்டெருமை ஒன்று நடுச்சாலையில் நின்று
முக்கால் மணி நேரம் அசைபோட்டது.
போகாது என்றேன். போகும் என்றான்.
எருமையில் ஆரம்பித்த பேச்சு
விற்றுவிட்ட படகுக்குப் போனது,
படகிலிருந்து என் தம்பியைப் புதைத்த ஜனவரிக்கு.
அன்று இவன் வரவில்லை.
சாலை மூடியிருந்தது என்றான்,
இருபது வருடமாகச் சொல்லும் அதே குரலில்.
பனி வாரும் வண்டி ஓட்டியவன் நீ,
மூடிய சாலையைத் திறப்பதுதானே
உனக்குச் சம்பளம் என்றேன்.

எருமை போய்விட்டது.
அதற்குப் பிறகு நூற்றுத் தொண்ணூறு மைல்
காற்று மட்டும் பேசியது.

மொன்டானாவில் ஒரு பெட்ரோல் பங்க்.
பின்கட்டிலில் திரையை இழுத்துவிட்டுப் படுத்திருந்தவள்
பக்கக் கதவால் இறங்கிக் கழிப்பறைக்குப் போனேன்.
திரும்பி வந்தால்
வண்டி நின்ற இடத்தில் நாலு சொட்டு எண்ணெய்.
போன் கட்டிலில் சார்ஜில் இருந்தது.
கல்லாவில் இருந்த ஷைலீன் பதறவில்லை.
"வந்துவிடுவார். என் மாமா அத்தையை விட்டுப் போய்
வியாழக்கிழமைதான் திரும்பினார்" என்று
சூரியகாந்தி விதைப் பொட்டலம் ஒன்றைத் தள்ளினாள்.
ஐஸ் பெட்டி மேல் உட்கார்ந்து கொறித்தேன்.
கோதுமை ரயில் ஒன்று கடந்தது. நூற்றுப்பத்துப் பெட்டி.
எண்ணினேன், வேறென்ன செய்ய.

ஒன்றரை மணி கழித்து வந்தான். கண் சிவந்திருந்தது.
"நீ எதையும் கேட்கவில்லையா?"
"எதை?"
தொப்பியைக் கழற்றி உள்ளே பார்த்தான்,
பதில் அங்கே இருப்பது மாதிரி.
"நாற்பத்து மூன்று மைல் பேசிக்கொண்டு போனேன்.
எல்லாவற்றையும் சொன்னேன்.
திரைக்குப் பின்னால் நீ அழுகிறாய் என்று நினைத்தேன்."
அது ஜன்னல், வெண்டல்.
"ஜன்னல்தான்" என்றான்.
இன்னொரு தடவை சொல்லேன் என்றதற்கு
கையை விரித்தான்.

கிளேசியர் பூங்காவில் மலையாடு ஒன்று
பழைய கம்பளியைப் புதரில் உரசி உரித்துக்கொண்டிருந்தது.
ஏரிக்கரைப் பலகையில் பழைய புகைப்படம்.
படத்திலிருந்த பனி மலையில் இல்லை.
எல்லோரும் மலையைப் படம் எடுத்தார்கள்,
இவன் பலகையையே பார்த்து நின்றான்.
அள்ளித் தள்ளியவனுக்குத் தெரியும்
எவ்வளவு இருந்ததென்று.

அங்கிருந்து மேற்கே, தினமும் மதியத்துக்குப் பிறகு
களைப்பாக இருக்கிறது என்று பின்னால் போய்ப் படுக்கிறேன்.
திரையை இழுத்து, இருமலை அடக்கி,
இல்லாதவளாக.
அவன் பேசுகிறான்:
டயர் காற்று. டீசல் விலை.
அந்த லாரிக்காரனுக்கு யார் லைசென்ஸ் கொடுத்தது.

நேற்று கேஸ்கேட் மலைகளில், மழையில்,
ஒரு பாலம் தாண்டியதும் குரல் தழைந்தது.
"அந்த ஜனவரியில்" என்றான்.
துடைப்பான் நாலு முறை போய் வந்தது.
"ஆர்டிஸ், இருக்கிறாயா?"

இருக்கிறேன் என்றால் நிறுத்திவிடுவான்.
சத்தமே இல்லையென்றால்
வண்டியைத் திருப்பிவிடுவான்.
போர்வையை முகத்துக்கு இழுத்துக்கொண்டு
கூரை ஜன்னலைப் போல
ஒரே ஒரு முறை விசும்பினேன்.

வண்டி வேகம் குறையவில்லை.