நாற்பத்தொன்று

ஜூலை. இரவு ஒன்றரை மணி. வெயில்.
கம்பிவேலிப் பட்டியின் ஓரம்
கவிழ்த்த மீன்பெட்டிமேல் என் லேப்டாப்.
செமிகோலன் சாவியில் ஒரு கொசு செத்துக் கிடக்கிறது.

கிளாஸ் துருவமான் என்று எழுதியது மார்ச்சில்,
ட்ரொம்சோவில், கணப்படுப்புப் பக்கம்.
அடைப்புக்குறிக்குள் மான் இல்லை.
மான் வந்தால் எது எங்கே இருக்கும் என்பது மட்டும்:
கொம்புக்கு ஓரிடம், நிறத்துக்கு ஓரிடம்,
காதுவெட்டுக்கு இரண்டு, இடதும் வலதும்.
அப்புறம் நியூ.
சொன்ன மாத்திரத்தில் ஒன்று எழுந்து நின்றது
எடையின்றி, மூச்சின்றி,
தன்னைத் திஸ் என்று சொல்லிக்கொண்டு.

மந்தையின் எண்ணிக்கையை மட்டும் மறைத்தேன்.
உனக்கு எத்தனை மான் என்று இங்கே கேட்பது
பாஸ்புக்கைக் காட்டு என்பது மாதிரி.
அந்தப் பெயருக்கு முன்னால் ஒரு ஹாஷ்,
நாலே கோட்டில் ஒரு வேலி.
வெளியிலிருந்து கைவைத்தால் பிழை.
ரிஸ்டென் பார்த்துச் சிரித்தாள்:
"பரவாயில்லை, உன் மெஷினுக்கு வளர்ப்பு இருக்கிறது."

புல்லில் குப்புறப் படுத்திருக்கிறாள் அவள்,
கண்ணில் பைனாகுலர், பல்லிடுக்கில் பென்சில்.
கன்றுகளின் கழுத்தில் எண் அட்டை.
எது எந்தப் பிணையின் பின்னால் போகிறதோ
அது அவளுடையது. வேறு சாட்சி கிடையாது.
"பதினேழு, வெள்ளைமூக்கிக்கு!"
பதிந்தேன்.
திரையில் எல்லாப் பிணைக்கும் பதினேழு பிறந்திருந்தது,
ஈனாத கிழவிக்கும்.

என் தப்புதான்.
கன்றுப் பட்டியலை கன்ஸ்ட்ரக்டருக்குள் வைக்காமல்
புரோட்டோடைப்பில் தொங்கவிட்டிருந்தேன்.
ஊருக்கெல்லாம் ஒரே தொட்டில்.
நடக்கையில் குளம்பருகே சொடுக்கும் அந்த ஒலியை
அப்படி வைக்கலாம்; ஒருமுறை எழுதினால்
மந்தை முழுக்கக் கேட்கும்.
கன்றை வைக்கக் கூடாது.
ஒரு வரியை இடம் மாற்றினேன். வெள்ளைமூக்கிக்கு மட்டும் பதினேழு.

அழை என்ற செயலைத் தனியே கழற்றி
பொத்தானுக்குக் கொடுத்தபோது இன்னொரு கூத்து:
யார் அழைக்கிறார் என்று அதற்கே தெரியவில்லை.
திஸ், அன்டிஃபைண்ட்.
பைண்ட் என்று எழுதிப்
பிணையோடு பிணைத்தேன்.

மூன்றரைக்குள் எல்லாம் ஜோடி சேர்ந்தன.
வெட்டிய காதுத்துணுக்குகள் ரிஸ்டெனின் பையில்.
நாற்பத்தொன்று மட்டும்
ஒவ்வொரு மடியாகப் போய், உதை வாங்கி, திரும்பி வந்தது.
கன்ஸ்ட்ரக்டர் தாய் கேட்கிறது.
என்னிடம் கொடுக்க நல் தவிர ஒன்றுமில்லை.
தாய் தெரியாத காதில் யாருடைய வெட்டைப் போடுவது?
ரிஸ்டென் கத்தியை உறைக்குள் போட்டாள்.

யாரும் சுட்டாத ஆப்ஜெக்ட்டை
இந்த மொழி தானாகவே பெருக்கித் தள்ளிவிடும்.
எப்போது என்று சொல்லாது.

கதவு திறந்து, மந்தை கடல் பக்கம் இறங்கிவிட்டது.
நான் லேப்டாப்பை மூடவில்லை.
ஒரு மாறியில் அதைப் பிடித்து வைத்திருக்கிறேன்.
கான்ஸ்ட் நாற்பத்தொன்று.
அது இங்கேதான் நிற்கிறது,
மீன்பெட்டியின் உப்பை நக்கிக்கொண்டு.