படுக்காதே, கலீனா

படுக்காதே, கலீனா.
படுத்தால் புரளுவாய். புரண்டால் குடல் முறுக்கிக்கொள்ளும்.
டாக்டர் பிரிட்ஜரின் வண்டி
எட்டாவது மைலில் பனியில் புதைந்து நிற்கிறது.
போனில் அவர் சொன்னது ஒரே வார்த்தை: நடத்து.

நடக்கிறோம்.
களத்து விளக்கைச் சுற்றிச் சுற்றி,
மைனஸ் இருபத்தாறில்,
என் எழுபத்தொரு வயது முழங்காலும்
கல்லாய் இறுகிய உன் வயிறும்.
ஆல்பர்ட்டா முழுக்கத் தூங்குகிறது.
பேசாமல் நடந்தால் நானும் தூங்கிவிடுவேன்.
நீ கேட்க வேண்டுமென்பதில்லை,
காதை மட்டும் இந்தப் பக்கம் வைத்துக்கொள்.

பத்தொன்பது வயதில் தொலைபேசி நிலையத்தில் இருந்தேன்.
'எந்த எண் வேண்டும்? எந்த எண் வேண்டும்?'
நாள் முழுக்க இதுதான் என் ஜெபமாலை.
ஒரு மதியம் காதில் விழுந்தது:
ஹோலோவாட்டி குதிரை விற்கிறார், அறுபது டாலர்.
வாங்குபவன் மனைவியைக் கேட்டுச் சொல்கிறேன் என்றான்.
அவன் திரும்பக் கூப்பிட்டபோது
லைன் கிடைக்கவில்லை என்றேன்.
மூன்று முறை.
சாயங்காலம் சம்பளக் கவரோடு
ஹோலோவாட்டி வீட்டு வாசலில் நின்றவள் நான்தான்.
என் முதல் குதிரை, அந்தச் செம்பட்டை, அப்படித்தான் வந்தான்.
பாவமன்னிப்புக் கூண்டில்கூட இதைச் சொன்னதில்லை.

பிறகு முட்டைக் கிடங்கு. இருட்டறை, ஒற்றை பல்பு,
அதன் முன்னால் ஒவ்வொரு முட்டையாகப் பிடித்து
ரத்தப்பொட்டு தேட வேண்டும்.
மூன்று குளிர்காலம். கனவில்கூட மஞ்சள் கரு மிதந்தது.
செம்பட்டை என் கையை முகர்ந்து உதட்டைச் சுருட்டுவான்,
அப்புறம் மன்னித்துவிட்டுச்
சட்டைப்பையில் கேரட் தேடுவான்.

நில். விலாவில் காதை வைக்கிறேன்.
சத்தமே இல்லை.
பூட்டிய வீடு.
வா, நட.

பள்ளிப் பேருந்து ஓட்டினேன், இருபத்திரண்டு வருஷம்.
க்ரூகரின் மேய்ச்சல் வளைவில் தினமும் வேகம் குறையும்.
'குதிரை பார்க்கத்தான் இந்த அம்மா மெதுவாக ஓட்டுது'
என்று பிள்ளைகள் வீட்டில் போட்டுக்கொடுத்தார்கள்.
எழுத்தில் விளக்கம் கேட்டார்கள்.
'சாலையில் வழுக்கல்' என்று எழுதினேன்.
ஜூன் மாதம் அது.

ஒரெஸ்ட் ஒருமுறை கேட்டான்: நானா, குதிரையா?
யோசித்தேன். கொஞ்சம் அதிகமாகவே யோசித்துவிட்டேன் போல.
மறுநாள் பலகையும் ஆணியும் வாங்கி வந்து
இந்த லாயத்தைக் கட்ட ஆரம்பித்தான்.
கதவு இன்னும் கோணல்தான். ஆள்தான் இல்லை.

அவனுடைய ஆஸ்பத்திரிக் கடனுக்காக வடக்கே போனேன்.
எண்ணெய்க் கிணற்று முகாம், நாற்பது ஆண்கள்,
விடியுமுன் இருநூறு பேன்கேக்.
சுற்றிலும் டீசல் நாற்றம், ஒரு குளம்பு கிடையாது.
ஏப்ரன் பையில் செம்பட்டையின் வால்மயிர் ஒரு கற்றை.
மாவுக் கையால் தொட்டுத் தொட்டு
அது வெளுத்தே போயிற்று.

காலை உதைக்காதே. தெரியும், வலிக்கிறது.
இன்னும் ஒரு சுற்று.

அப்புறம் கோர்ட். தட்டெழுத்து வேலை.
யார் எதைச் சொன்னாலும் விரல் நிற்கக் கூடாது, அதுதான் சட்டம்.
ஒரு நாள் வந்த வழக்கு,
பட்டினி போட்ட குதிரைகள் பதினொன்று.
பத்தின் எலும்பைத்தான் போட்டோவில் காட்டினார்கள்.
பதினோராவது ஒரு குட்டி, எழுந்து நிற்கிறது என்றார்கள்.
பிரதிவாதியின் பெயரை அடிக்கும்போதுதான் உறைத்தது,
ஹோலோவாட்டியின் மகன்.
என் விரல் நின்றுவிட்டது, கலீனா.
நீதிபதி கண்ணாடிக்கு மேலாக என்னைப் பார்க்கிறார்.
நான் நாற்காலியைத் தள்ளிவிட்டு எழுந்து

என்ன, ஏன் நின்றுவிட்டாய்?
வாலைத் தூக்குகிறாயே.
அம்மாடி!

ஒன்று, இரண்டு, நான்கு… எட்டு உருண்டை லத்தி,
பனிமேல் ஆவி பறக்க!
போடு ராணி, இன்னும் போடு!

அதோ வளைவில் டாக்டரின் விளக்கு.
வரட்டும், காப்பியைக் குடித்துவிட்டு பில் எழுதட்டும்.
நீ நட, நிற்காதே.
எங்கே விட்டேன்?