எந்த ஜனவரி

முப்பத்தொன்றாம் தேதி, இரவு ஒன்பது நாற்பது.
மஞ்சக்குப்பம், மூன்றாவது மாடி.
சிப்காட் காற்று இன்று இந்தப் பக்கம் வரவில்லை,
சன்னல் திறந்திருக்கிறது.
கீழ்வீட்டு மெர்லின் குடும்பம்
புதுத்துணி மொடமொடக்க ஆராதனைக்குக் கிளம்புகிறது.
இன்றைய இரவுக் காவல் எனக்கு.
கல்யாணமாகாதவள்தானே, பார்த்துக்கொள்வாள் என்று
யாரும் வாய்விட்டுச் சொல்லவில்லை.
அட்டவணை சொன்னது.

லாரி வாடகைக் கணக்குப் போடும் நிரல் எங்களுடையது.
வருடக் கடைசிச் சீட்டுகளை அது இரண்டு தரம் எண்ணும்.
ஆறு வருடம் முன்பு அதற்கு ஏழு வரியில் ஒட்டுப் போட்டு
மேலே குறிப்பும் எழுதினேன்:
'தற்காலிகம். ஜனவரியில் சரிசெய்யணும்.'
புதிதாகச் சேர்ந்த நிவேதன் மத்தியானம் கேட்டிருக்கிறான்:
'அக்கா, எந்த ஜனவரி?'
கிண்டலா என்று நாலு தரம் படித்தேன்.
இல்லை. பையன் நிஜமாகத்தான் கேட்கிறான்.

பதில் எழுதாமல் இன்னொரு கோப்பைத் திறந்தேன்.
பெயர்: இலக்குகள்.
எந்த வரியை என்றைக்கு மாற்றினேன் என்று
கேட்டால் காட்டிக்கொடுத்துவிடும். தொழில் புத்தி.
ஆறு வருடத்தில் மாறியது ஒரே வரி, உடல் எடை.
அதுவும் ஏறுமுகம்.

முதல் வரி, நீச்சல்.
வெள்ளிக் கடற்கரை வண்டியில் பத்து நிமிடம்.
முழங்காலுக்கு மேல் எனக்கும் கடலுக்கும் பழக்கமில்லை.

அடுத்தது, புது மொழி ஒன்று. ரஸ்ட் என்று பெயர்.
காசு கட்டிய பாடம் பதினொரு சதவீதத்தில் நிற்கிறது.
கடலூரில் இருந்துகொண்டு
துருவைக் காசு கொடுத்தா கற்பார்கள்?
பால்கனிக் கம்பி, கேட்டுத் தாழ்ப்பாள், வண்டிச் செயின்
எல்லாம் இலவசமாகவே வகுப்பு எடுக்கின்றன.

'இரவு பத்துக்கு மேல் யாருக்கும் பதில் அனுப்பாதே.'
எழுதிய நேரம்: இரவு பதினொன்று ஐம்பத்திரண்டு.

'மீட்டிங்கில் தெரியாது என்று சொல்.'
இது மட்டும் நடந்தது, ஆகஸ்டில், ஒருமுறை.
மூன்று விநாடி எல்லா முகங்களும் உறைந்தன;
நெட் போய்விட்டதோ என்று பார்த்தேன்.
பிறகு பிரகதீஸ்வரன் சார் தொண்டையைச் செருமி
தனக்கும் தெரியாது என்றார்.

கடைசி வரியில் ஒரு பெயர்தான். ஷாஹிரா.
வினைச்சொல் இல்லை.
பறங்கிப்பேட்டையிலிருந்து தினம் பஸ்ஸில் வருவாள்.
கல்லூரி முடித்த வருடம் இருவரும் சேர்ந்து
கடலூர் பஸ் நேரம் சொல்லும் செயலி ஒன்று செய்தோம்.
பதினான்கு பேர் இறக்கினார்கள். அதில் நாங்கள் இரண்டு பேர்.
அவள் பதினைந்தாவது ஆளைத் தேடிக்கொண்டிருந்தபோது
நான் சென்னையில் வேலை வாங்கிவிட்டிருந்தேன்,
சொல்லாமல்.

பன்னிரண்டு.
தேவனாம்பட்டினம் பக்கம் வானம் வெடித்தது.
லாரிகள் ஒரே தரம் எண்ணப்பட்டன.
என் ஏழு வரி
யார் கண்ணிலும் படாமல் இன்னொரு வருடத்தைத் தாண்டிற்று.
சரிசெய்யலாம் என்றுதான் உட்கார்ந்தேன்.
கடைசியில் 'தற்காலிகம்' என்ற சொல்லை மட்டும் அழித்தேன்.
நிவேதனுக்கு 'தெரியலப்பா' என்று அனுப்பினேன்.
மணி பன்னிரண்டு இருபது.
ஆக, ஒரு இலக்கு போயிற்று.

நாலு மணிக்கு என் முறை முடிந்தது. தூக்கம் இல்லை.
பழைய போனில் அந்தச் செயலி இன்னும் இருக்கிறது.
சிதம்பரம், காலை 4.50 என்றது,
கொஞ்சமும் தயங்காமல்.
திருப்பாதிரிப்புலியூர் பஸ் நிலையத்தில் வண்டியை நிறுத்திவிட்டு
துப்பட்டாவைத் தலையில் சுற்றிக்கொண்டு நின்றேன்.
ஐந்து பத்துக்கு வந்தது,
கண்ணாடிக்குக் குறுக்கே சாமந்திச் சரத்தோடு.

இருபது நிமிடம்.
பிழை பஸ்ஸிலா, நாங்கள் எழுதியதிலா,
எனக்குத் தெரியாது.
நேர அட்டவணை அவள் பார்த்துக்கொண்ட பகுதி.
ஆறு முப்பத்தொன்றுக்கு விடியும் என்று போட்டிருக்கிறது.
ஆறு முப்பத்திரண்டுக்குக் கேட்கலாம்.