நூலகக் கேன்டீன்

வெள்ளி இரவு கோலாலம்பூரில் ஏறிய பேருந்து
நாலு மணிக்கே என்னை
பட்டர்வொர்த்தில் தள்ளிவிட்டுப் போனது.
முதல் ஃபெரிக்கு இன்னும் நேரம் கிடந்தது.
பூட்டிய கடை வாசலில் பையைத் தலைக்கு வைத்து
"வந்துட்டேன்" என்று அனுப்பினேன்.
ஒற்றை டிக்.

விடிந்ததும், அட்டையில் காசு போதவில்லை.
தடுப்புக் கம்பி வயிற்றில் இடித்து நிற்க
பின்னால் நின்ற ஹெல்மெட்காரர்
தன் அட்டையைத் தட்டிவிட்டு
நான் நன்றி சொல்வதற்குள்
பைக்குகள் பக்கம் போய்விட்டார்.

தீவு முதலில் விளக்காக இருந்தது,
பிறகு கட்டடமாக,
பிறகு டீசலும் மீனும் கலந்த வாடையாக.
பெனிட்டா கரையில் இல்லை.

தூத்துக்குடியில் ஒரே பெஞ்சு.
அவளுக்குப் பினாங்கில் உயிரித் தொழில்நுட்பம்,
எனக்குக் கோலாலம்பூரில் கணக்கியல்.
"ஒரே நாடுதான ஏட்டி, வாராவாரம் பாக்கலாம்."
ஏழு மாதத்தில் இதுதான்
அந்த முதல் வாரம்.

அவள் அனுப்பிய இடக்குறி
பல்கலைக்கழகத்துக்குப் போகவில்லை,
ஒரு நாசி கண்டார் கடையில் போய் நின்றது.
தட்டு மலைக்குப் பின்னால்
வலைத்தொப்பிக்குள் முடியைத் திணித்தபடி
பெனிட்டா யாரிடமோ
"பஞ்சிர்?" என்று கேட்டுக்கொண்டிருந்தாள்.
குழம்பு வெள்ளமாக வேண்டுமா
என்று அர்த்தமாம்.
என்னைப் பார்த்ததும் கரண்டி அந்தரத்தில் நின்றது.
"பசியாறிட்டியா?"
அவள் வாயில் நான் கேட்டிராத சொல்.

தட்டு வந்தது. வெண்டைக்காய், மீன் தலை, மூன்று குழம்பு.
"ரெண்டாவது செமஸ்டர் ஃபீஸ் கட்டல,
முட்டை வைக்கட்டா?"
ஒரே மூச்சில் கேட்டாள்.
அவள் அப்பாவின் படகை வங்கி எடுத்துக்கொண்டது
அப்போதுதான் எனக்குத் தெரியும்.
வெள்ளை வேன் எது போனாலும்
அவள் கழுத்து தெருப்பக்கம் திரும்பியது.
மாணவர் விசாவில் கரண்டி பிடிக்கக்கூடாது.

மூன்று மணிக்கு ஊரிலிருந்து அழைப்பு.
தொப்பியை உருவி, ஏப்ரனை மடியில் சுருட்டி
வெற்றுச் சுவராகப் பார்த்து உட்கார்ந்தாள்.
உள்ளே யாரோ ஒரு அடுக்குத் தட்டைக் கீழே போட்டார்கள்.
"என்னட்டி சத்தம்?"
"லைப்ரரி கேன்டீன்மா."
ஃபோன் என் கைக்கு வந்தது.
"நீயாவது சொல்லு, ஒழுங்கா படிக்காளா?"
என் வாயில் முள்.
நாவால் ஓரம் ஒதுக்கிக்கொண்டு சொன்னேன்:
"ராத்திரியெல்லாம் படிக்கா ஆண்ட்டி."

பொய்யும் இல்லை அது.
கடைக்கு மேலே ஆறு பேர் அறையில்
தலைக்குக் கால் வைத்து ஒரே மெத்தையில் படுத்தபோது
நோட்டைக் காட்டினாள்.
புதன்கிழமை மட்டும்
இன்னும் வகுப்புக்குப் போகிறாளாம்.
பெரிய அரங்கம், தலை எண்ண மாட்டார்கள்.
அவள் வரைந்த டி.என்.ஏ. ஏணியில்
நாலாவது படி மட்டும் மஞ்சள்.
"சாலட்னா இல்ல, தால்ச்சா" என்றாள்,
ஏதோ பெரிய வித்தியாசம் போல.
சிரித்ததில் மேல்கட்டில் பெண்
மலாயில் எங்களைத் திட்டினாள்.

ஞாயிறு கொடி மலைக்குப் போவதாக இருந்தோம்.
அவளுக்குக் கிடைத்தது இரண்டரை மணி நேரம்.
சலவைக் கடையில் உட்கார்ந்து
பதினொரு ஏப்ரன்கள் சுற்றுவதைப் பார்த்தோம்.
பாதியில் அவள் என் தோளில் தூங்கிப்போனாள்.
மெஷின் நின்றது.
நான் எழுப்பவில்லை,
இன்னும் இரண்டு காசு போட்டு
வெறும் டிரையரைச் சுற்றவிட்டேன்.

திரும்பும்போது அட்டையில் காசு இருந்தது.
யார் போட்டது என்று கேட்கவில்லை.
ஃபெரி நகர்ந்ததும் ஆண்ட்டியின் செய்தி:
"ரெண்டு பேரும் சேந்து ஒரு போட்டோ அனுப்பு."
ஒன்றுதான் இருந்தது, கடையில் எடுத்தது.
தொப்பியை வெட்டினேன்.
தட்டுகளை வெட்டினேன்.
பின்னால் தொங்கிய பொரித்த கோழியை வெட்டினேன்.
மிஞ்சியது இரண்டு முகம்,
அவள் காது மடலில் ஒரு சொட்டுக் குழம்பு.
அதை வெட்டினால் காது போய்விடும்.

அப்படியே அனுப்பினேன்.
நடுக்கடலில் பதில் வந்தது:
"பிள்ள கொஞ்சம் சதை போட்டிருக்கா.
கேன்டீன்ல நல்லா போடுதாங்க போல."