பத்தொன்பதாம் கட்டம்

கடந்த மூன்று ஆண்டுகளில்
எந்த மருத்துவரைப் பார்த்தீர்கள்,
தேதி, முகவரி, காரணம்.
காரணத்துக்கு விட்டிருக்கும் இடம்
ஒரு கடைவாய்ப்பல் அகலம்.

பெத்தலில் இரவு பதினொன்று. ஜூன்.
வெயில் இன்னும் கிளம்பவில்லை.
ஜன்னலில் அலுமினியத் தாளை ஒட்டிவிட்டு
மடிக்கணினி முன் உட்கார்ந்திருக்கிறேன்.
நான் பறக்கத் தகுந்தவள் என்ற சான்று
முப்பதாம் தேதியோடு முடிகிறது.

மார்ச் நான்கு: மேல்வரிசை, இடப்பக்கம்,
கடைசிக்கு முந்தின பல். வேர்ச் சிகிச்சை.
மார்ச் பதினெட்டு: அதே பல், அதே நாற்காலி.
ஏப்ரல் இரண்டு: மேலே உறை.
பொய்ப்பல் என்று எழுதலாமா?
பொய் என்று தொடங்கும் எந்தச் சொல்லையும்
இந்தப் படிவத்தில் தொடப் பயமாக இருக்கிறது.
அடியில் அபராதமும் சிறையும்
பொடி எழுத்தில் படுத்திருக்கின்றன.

மாத்திரை? ஆறு கொடுத்தார்கள், இரண்டு விழுங்கினேன்.
விழுங்கிய பின் எத்தனை நாள் பறக்கவில்லை?
ஐந்து. அதில் மூன்று நாள் பனிமூட்டம்,
ஊரில் யாருமே பறக்கவில்லை.
அதையும் எழுதவா?

வழக்கமான பல் சோதனைகளைச் சொல்ல வேண்டாம்
என்று குறிப்பில் இருக்கிறது, தெரியும்.
ஹேங்கரில் டுவெய்னும் சொன்னான்:
"பல்லெல்லாம் ஒரு நோயா, விடு."
அவனுக்கு முன்பல் இரண்டு இல்லை.

ஆனால் எது வழக்கம்?
அனியாக்கிலிருந்து ஆங்கரேஜுக்கு
மலைத்தொடரைத் தாண்ட ஏறும்போது
ஒன்பதாயிரம் அடியில் ஆரம்பித்தது.
விரிசலுக்குள் மாட்டிக்கொண்ட காற்று
வெளியேற வழி தேடி
தாடைக்குள் ஒவ்வொரு கதவாகத் தட்டியது.
பின்னால் மூன்று பேர், ஒரு நாய்க்குட்டி,
உறைந்த சால்மன் பெட்டிகள்.
பல்லைக் கடித்துக்கொண்டு ஓட்டினேன்
என்று சொல்ல முடியாது.
கடிக்கத்தான் முடியவில்லை.

பல் மருத்துவர் மார்லிஸ் ட்வெய்ட்
எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார்.
"சொத்தை இல்லை. தூக்கத்தில்
நறநறவென்று கடிக்கிறாய் பெண்ணே.
ஒரு வருஷமாவது இருக்கும்.
ஏதாவது நடந்ததா?"
அப்போது என் வாய்க்குள்
அவர் கை இரண்டும், ஓர் உறிஞ்சுகுழாயும்.
நல்லவேளை.

பல் போனால் சொல் போகும்.
எனக்குப் பல் இருக்கிறது.

காரணம்: பல்லில் விரிசல்.
விரிசலுக்குக் காரணம்: உறக்கத்தில் பற்கடி.
பற்கடிக்குக் காரணம்:
போன வருஷம், பெப்ரவரி பதினொன்று,
துலுக்சாக்குக்கு நான்கு மைல் முன்னால்,
எவான் வசிலி ஓட்டிய செஸ்னா.
காலைப் பட்டியலில் அது என் பெயரில் இருந்தது.
எனக்குச் சளி. மாற்றிக்கொள்கிறாயா என்றேன்.
காபிக் கோப்பையைக் கூடக் கீழே வைக்காமல்
சரி என்றான்.
சளிக்கு நான் எந்த மருத்துவரையும் பார்க்கவில்லை,
ஆகவே அதற்குக் கட்டமில்லை.

எழுத்துகளின் எண்ணிக்கை மீறிவிட்டது என்று
சிவப்பில் ஒரு வரி எழுந்தது.
பின்னாலிருந்து அழித்துக்கொண்டே வந்தேன்,
கோப்பை, சளி, செஸ்னா, எவான்,
விரிசல் வரைக்கும்.

ஜூன் இருபத்தாறு, ஆங்கரேஜ்.
டாக்டர் ஹாலிஸ் பிரான்ட்வோல்ட்
கண்ணாடியை ஏற்றிவிட்டுப் படித்தார், சிரித்தார்.
"ஒரு பல்லுக்கு இத்தனை சரித்திரமா!
இதெல்லாம் தேவையே இல்லையம்மா."
காதில் விளக்கடித்தார். கண்ணில் அடித்தார்.
வாயைத் திற என்றார்.
மரக்குச்சியால் நாக்கை அழுத்திக்கொண்டு
"வேறு ஏதாவது?" என்றார்.
தலையை அசைத்தேன்.
இல்லை என்று எடுத்துக்கொண்டார்.

திரும்பும்போது ஒன்பதாயிரம் அடியில்
நாக்கு தானாகப் போய் உறையைத் தொட்டது.
வழவழப்பு. வலியில்லை.
வானொலியில் என் உயரத்தைக் கேட்டார்கள்.
சொன்னேன்,
ஓர் அடி கூட்டாமல் குறைக்காமல்.