ஒன்பதாம் எண் வேன்

வால்மியெராவில் ஜனவரி.
காலை ஒன்பது ஆனால்தான் ஜன்னல் சாம்பல் நிறமாகிறது.
பால் கூட்டுறவின் முப்பத்தொரு வண்டிகள்
போன வருடம் குடித்ததையெல்லாம்
மாதக் கடைசிக்குள் நான் எழுதித் தர வேண்டும்.

ரசீதுகள் ஒரு தயிர் வாளியில் வந்து சேர்ந்தன.
வெயிலில் கிடந்தவை வெளுத்திருந்தன.
விளக்குக்கு நேரே சாய்த்துப் பிடித்தால்
ஒரு நான்கு தெரிகிறது.
இல்லை, ஒன்பது.
லிட்டர் கட்டத்தில் யூரோவை எழுதியிருக்கிறார் ஒருவர்.
இன்னொருவர் அட்டையில்
விற்றுவிட்ட லாரி இன்னும் டீசல் போடுகிறது.

ஹாட்டாக், காப்பி,
கண்ணாடி கழுவும் நீலத் தண்ணீர்:
டீசலோடு கூட்டியிருந்ததையெல்லாம் பிரித்து
வேறு தாளில் ஒதுக்கினேன்.
ஹாட்டாக் விட்ட புகையை யாரும் கேட்கப்போவதில்லை.

லிட்டருக்கு இரண்டு புள்ளி ஆறு எட்டு கிலோ.
முதல் வருடம் இதை நான் நம்பவில்லை.
ஒரு கிலோகூட எடையில்லாத லிட்டர்
எரிந்த பின் இரண்டரை கிலோவுக்கு மேல் எப்படி?
மிச்சத்தைக் காற்று போடுகிறது என்றார்கள்.
நாம் மூச்சுவிடும் அதே காற்று,
கேட்காமலே கடன் கொடுத்து
கனத்துப்போய்த் திரும்புகிறது.

மூன்றாம் நாள் மாலை
ஒன்பதாம் எண்ணில் வந்து நின்றேன்.
பால் மாதிரி சேகரிக்கும் சின்ன வேன்.
ஓட்டுநர் தாலிவால்டிஸ்.
பிப்ரவரியிலும் வழக்கமான தூரம்தான் ஓடியிருக்கிறது.
டீசல் மட்டும் இருநூற்று ஒன்பது லிட்டர் அதிகம்.

திருட்டு என்றுதான் முதலில் நினைத்தேன்.
ஒளிப்பானேன், அப்படித்தான் நினைத்தேன்.

"மற்ற வண்டிகளுக்குப் பங்கு போட்டுவிடு,
ஆளுக்கு ஏழு லிட்டர், யாருக்குத் தெரியும்?"
கணக்குப் பிரிவின் ஸ்கைத்ரீதெ
கோட்டை மாட்டிக்கொண்டே சொன்னாள்.
கை கால்குலேட்டரில் இருந்தது.
போன வருடம் லீப் வருடம்.
இருநூற்று ஒன்பதை இருபத்தொன்பதால் வகுத்தேன்.
இரவுக்கு ஏழு லிட்டர், கொஞ்சம் கூட.
நின்ற இடத்தில் எஞ்சின் ஓடினால்
ஒன்பது மணி நேரம்.

ஒதுக்கிய தாளை மறுபடி எடுத்தேன்.
பிப்ரவரி ஒன்று: பல் துலக்கும் பிரஷ்.
இரண்டு: கம்பளிக் காலுறை, ஒரு ஜோடி.
ஆறு: சோப்பு, சவரக் கத்தி.
பதினான்கு: சாக்லேட் பெட்டி, சிறியது.
பதினைந்து: ஒன்றுமில்லை.
டீசல் இல்லை என்று நான் வெட்டி எறிந்த வரிகளில்
ஒரு மனிதர் குடியிருந்தார்.

அன்று வெளியே மைனஸ் இருபத்திரண்டு.
கண்ணாடியின் உள்பக்கம் பனி பூக்கும்.
எஞ்சினை அணைத்தால் கால் மணி நேரம் தாங்கும்,
பிறகு மறுபடி சாவி.
பின்னால் பால் மாதிரிகள்
அவருக்கு முன்பே உறைந்திருக்கும்.

முற்றத்தில் பெட்டிகளைக் கழுவிக்கொண்டிருந்தார்.
"பிப்ரவரி" என்றேன், அவ்வளவுதான்.
குழாயை மூடவில்லை அவர்.
"மீட்டர் சரியில்லை அப்போது."
மீட்டர் சரியாகத்தான் இருந்தது.
இரண்டு பேருக்கும் தெரியும்.
தண்ணீர் ஓடிக்கொண்டிருந்தது.

பங்கு போடவில்லை.
ஐந்நூற்று அறுபது கிலோ, ஒன்பதாம் எண்ணின் பெயரிலேயே.
ஓடிய வண்டிக்கு ஒரு கட்டம் இருக்கிறது,
நிற்கும் கொதிகலனுக்கு ஒரு கட்டம்.
வீடாகிப்போன வண்டிக்கு இல்லை.

ரீகாவிலிருந்து தணிக்கையாளர் தொலைபேசியில்:
"பிப்ரவரியில் ஏன் இவ்வளவு?"
"குளிர்."
"குளிர் எல்லா வண்டிக்கும்தானே?"
"ஆமாம்" என்றேன், "எல்லாருக்கும்தான்."
பேனா உருளும் சத்தம் கேட்டது.
அடுத்த வண்டிக்குப் போனார்.

கடைசிப் பக்கம்: அடுத்த ஆண்டுக்கான குறைப்பு நடவடிக்கைகள்.
டயரில் காற்று, சுருக்கமான தடம்
என்று எப்போதும் எழுதுவதை எழுதினேன்.
கீழே இன்னொரு வரி:
ஆய்வகத்துக்கு மேலுள்ள அறைக்கு
இன்னொரு சாவி செய்ய வேண்டும்.
அங்கே விறகு அடுப்பு.
அதன் கணக்கு வேறு பக்கத்தில் வரும்.